கொடி பறக்கும் திசை

"காக்கா, கொடி தப்பாப் பறக்குது" என்றான் கலந்தர்.
கச்சான் அடிக்கிறது என்று திரையில் எழுத்து ஓடுகிறது,
வள்ளத்துக் கொடியோ மேற்கே பார்த்துத் துடிக்கிறது.
கீழக்கரையில் நண்டு வலை இழுக்கிறவனிடம்
அது எடுபடுமா?

நானூற்றுப் பன்னிரண்டு எம்பி.
என் கடையில் ஏற்றிக்கொடுக்க முப்பது ரூபாய்.
செல்போன் கண்ணாடி மாற்றுவதற்கும்
ஆதார் ஜெராக்ஸுக்கும் இடையில்
எறும்புபோல் ஊரும் அந்தப் பச்சைக் கோடு
முடியும் வரை டீ குடிப்பார்கள்.

ஆட்டம் முடிந்தால் ஓடும் பெயர்கள் மூன்றே வரி.
கதை, படம், நிரல்: சுகிர்தா, ஓசூர்.
இசை: தம்பி.
காற்றுகளின் பெயர் சொல்லித்தந்த
பேருந்துப் பயணிக்கு நன்றி.
அடியில் ஒரு மின்னஞ்சல்.

எழுதினேன், கொஞ்சம் பெருமையாகவே:
கச்சான் மேற்கிலிருந்து வருவது, அம்மா.
கொடி கிழக்கே பறக்க வேண்டும்.
எங்கள் ஊரில் எல்லோருக்கும்
உங்கள் விளையாட்டு பிடித்திருக்கிறது.

அசர் தொழுதுவிட்டுக் கடை திறக்கையில் பதில் இருந்தது.
"கார்த்திகையிலேயே திருத்திவிட்டோமே!
வாங்கிய எல்லோருக்கும் கொடி திரும்பியிருக்கும்.
உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?"

திட்டு இல்லை.
ஒரு கேள்விக்குறி, தூண்டில் வளைவில்.

எண்ணிப் பார்த்தேன்.
நாற்பத்து மூன்று பேருக்கு ஏற்றிக்கொடுத்திருக்கிறேன்.
வடக்குத் தெருவிலிருந்து மீன்கடைச் சந்து வரை
நாற்பத்து மூன்று கொடிகள்
காற்றை எதிர்த்துப் பறந்துகொண்டிருக்கின்றன.

அடுத்தவன் வலையில் நண்டு எடுத்தால்
கரையில் வைத்துக் கேட்பார்கள்.
நகலெடுத்தாலோ நண்டு அங்கேயே கிடக்கிறது,
கால் கூட ஒடியவில்லை.
ராத்திரி முழுக்க இதையே சொல்லிப் புரண்டேன்.
நண்டு அங்கேதான் கிடக்கிறது.
வாங்க வருகிறவனைத்தான் காணோம்.

பெரிய கம்பெனிகளின் நூறு ஜிபியை
வாரி வாரிக் கொடுத்தவன் நான், கை கூசியதில்லை.
ட்ராலரிலிருந்து சரிந்த கூடைக்கு யார் அழுவார்?
இது வள்ளம். துடுப்பு ஒருத்தி, தண்ணீர் இறைக்கத் தம்பி.
ஆனால் ட்ராலருக்கு ஒரு நியாயம்
வள்ளத்துக்கு ஒரு நியாயம் என்று
நானாக வகுத்துக்கொண்டால்,
நாளைக்கு வள்ளத்துக்கும் ஒன்று
வகுத்துக்கொள்ள மாட்டேனா?

பையன்களிடம் கார்டு இல்லை என்று
எழுதலாம்தான். எழுதினேன்.
என் முப்பது ரூபாய் வந்து விழும் ஸ்கேன் அட்டை
கண்ணாடியில் ஒட்டியபடி என்னையே பார்த்தது.
அழித்தேன்.

பிறகு முந்நூற்று நாற்பத்தொன்பது கட்டி
ஒன்று வாங்கினேன்.
ஏறி உட்கார்ந்து பாயை விரித்தேன்.
கச்சான். கொடி கிழக்கே.
இத்தனை நாள் கவனிக்காத ஒன்று:
புதிய பதிப்பில் வலை ஏறும்போது
ஈரக் கயிற்றின் சத்தம் சேர்த்திருக்கிறாள்.

கலந்தர் தோள் மேல் எட்டிப் பார்த்தான்.
"ஆ, இப்பச் சரி" என்றவன்
சட்டைப் பையைத் துழாவி, நண்டுச் செதில் ஒட்டிய
பென் டிரைவை மேசையில் வைத்தான்.
"திருத்துனத எனக்கும் ஏத்துங்க காக்கா."

விலையைச் சொன்னேன்.
சிரித்தான். "ஒரு கிலோ நண்டுக் காசு!"
சொல்லிவிட்டுப் போகவில்லை.
நானும் பென் டிரைவைத் தொடவில்லை.
வெளியே ஜெராக்ஸுக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள்.

எந்தப் பதிப்பு என்று கேட்ட கடிதம்
இன்னும் திறந்தே இருக்கிறது.
நாற்பத்து மூன்று என்று அடித்தேன்.
அது அவள் கேட்ட கேள்விக்குப் பதிலில்லை.
அழிக்கவும் இல்லை.